கேள்விப் பெட்டியும் நீல மாத்திரையும்: கூடலூர் வகுப்பறைக் குறிப்புகள்

ஜூன் 9, திங்கள்

நீலகிரி மாவட்டக் கூடலூரில், பாலியல் கல்வி வகுப்பு தொடங்கும் முன் ஒன்பதாம் வகுப்புப் பெற்றோர் கூட்டம். தேயிலை எஸ்டேட்டில் இலை எடை போட்டு முடித்து வருகிறவர்கள், அதனால் மாலை ஐந்துக்கு மேல்தான் வைக்க முடியும். "பாலியல் கல்வி" என்று வெறுமனே சொன்னால் முகங்கள் இறுகிவிடும். பாடத் தலைப்புகளை ஒவ்வொன்றாக வாசித்துக் காட்ட வேண்டும். எதிர்ப்பு பாதி குறைவது அங்கேதான்.

வழக்கமான யோசனை ஒன்று வரும்: விருப்பமுள்ளவர்கள் கையெழுத்துப் போட்டு அனுப்பட்டும் என்று. இதை ஏற்கவே கூடாது. வீட்டில் தொல்லை கொடுப்பவரே அந்தத் தாளில் கையெழுத்துப் போட வேண்டியவராக இருந்தால் என்ன ஆகும்? எந்தப் பிள்ளைக்கு இந்த வகுப்பு மிகவும் தேவையோ, அந்தப் பிள்ளைதான் வெளியே நிற்கும். கணக்குப் பாடத்துக்கு யாரும் சம்மதக் கடிதம் கேட்பதில்லை. இதுவும் கட்டாயமாகத்தான் இருக்க வேண்டும்.

ஜூன் 11, புதன்

இன்று உறுப்புகளின் பெயர்கள். ஒரே வகுப்பில் படுகு, பணிய மொழி, மலையாளம், இலங்கையிலிருந்து திரும்பிய குடும்பங்களின் தமிழ் எல்லாம் இருக்கின்றன. வீட்டில் புழங்கும் சொல் பெரும்பாலும் வசவாகவே இருக்கும். ஆண்குறி, விதைப்பை, யோனி, கருப்பை, சினைப்பை என்று பலகையில் எழுதி, ஆசிரியர் முதலில் சத்தமாகச் சொல்ல வேண்டும். சிரிப்பு வரும், அதட்டினால் வகுப்பே மூடிக்கொள்ளும். பத்து நிமிடம் விட்டால் தானாக அடங்கும். "அங்கே தொட்டார்" என்று மட்டும் சொல்லத் தெரிந்த பிள்ளையின் புகார் காவல் நிலையத்தில் திணறும். சரியான சொல் தெரிந்திருப்பதே ஒரு பாதுகாப்பு.

ஜூன் 17, செவ்வாய்

கேள்விப் பெட்டி. பிள்ளைகள் பெயர் போடாமல் கேள்வி எழுதிப் போடும் பெட்டி இது; இதில் நடக்கும் தவறுகள்தான் அதிகம் என்பதால் விரிவாகவே குறித்து வைக்கிறோம்.

எல்லோருக்கும் ஒரே அளவுத் தாள், ஒரே நீலப் பேனா. கேள்வி இருப்பவர் மட்டும் எழுதினால் யார் எழுதுகிறார் என்று பக்கத்து பெஞ்சுக்குத் தெரிந்துவிடும். அதனால் கேள்வி இல்லாதவர் ஒரு குறளை எழுத வேண்டும். எல்லாப் பேனாவும் ஓட வேண்டும். தாளை இரண்டாக மடித்தால் மை பின்பக்கம் தெரியும், நான்காக மடிக்கச் சொல்ல வேண்டும்.

சின்னப் பள்ளிகளில் இதுவும் போதாது. பதினான்கு பேர் இருக்கும் வகுப்பில் கையெழுத்தை வைத்தே ஆசிரியர் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார். அங்கே இருபது கேள்விகளை அச்சடித்துக் கொடுத்து, டிக் மட்டும் போடச் சொல்வதே நல்லது. படித்து முடித்ததும் தாள்களை எரித்துவிட வேண்டும். குப்பைக் கூடையில் போட்டால் மறுநாள் பள்ளி முழுக்கப் பரவியிருக்கும்.

ஜூன் 20, வெள்ளி

பையன்களின் தாள்களில் திரும்பத் திரும்ப வருவது ஒன்றே: தூக்கத்தில் விந்து வெளியேறுவது, சுய இன்பம், "நூறு சொட்டு ரத்தம் ஒரு சொட்டு விந்து" என்ற பயம். விந்து ரத்தத்திலிருந்து வடிவதில்லை. விதைப்பைக்குள் இருக்கும் விந்தகம் அன்றாடம் உயிரணுக்களை உண்டாக்கிக்கொண்டே இருக்கிறது. வெளியேறாதவற்றை உடலே உறிஞ்சிக்கொள்கிறது. பலமும் போகாது, ஞாபகமும் குறையாது. இந்த இரண்டு வரியைப் பள்ளி சொல்லாததால்தான் லாட்ஜில் அறை எடுத்து லேகியம் விற்கிறவர்கள் பிழைக்கிறார்கள்.

ஜூன் 26, வியாழன்

விடாத மழை. மாதவிடாய் வகுப்பு, பையன்களும் உட்கார்ந்திருந்தார்கள்.

அரசின் இலவசத் திட்டத்தில் இரண்டு மாதத்துக்கு மூன்று பாக்கெட், பாக்கெட்டுக்கு 6 நாப்கின். அதாவது மாதத்துக்கு 9. ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றினால் ஐந்து நாளுக்கு 20 வேண்டும். மிச்சத்துக்குத் துணிதான். அந்தத் துணி இந்த மழையில் காய்வதே இல்லை. மற்ற துணிகளுக்கு அடியில் மறைத்துப் போடுவதால் ஈரவாடை அடித்து, தொடையில் அரிப்பும் புண்ணும் வருகிறது. வெளிர் நிறப் பருத்தித் துணி, சோப்புப் போட்டு அலசல், வெயில்; வெயில் இல்லாத நாளில் இஸ்திரிப் பெட்டியின் சூடு. ஒளித்துக் காயப்போடும் வழக்கம் போக வேண்டுமென்றால் அண்ணன் தம்பிக்கும் இது புரிந்திருக்க வேண்டும்.

சுழற்சி 28 நாளுக்கே வர வேண்டும் என்பதில்லை. முதல் சில வருடங்களில் 45 நாள் வரை போகலாம்.

ஜூலை 3, வியாழன்

வாரம் ஒன்று கொடுக்கும் நீல இரும்புச்சத்து மாத்திரை. மலம் கறுக்கும் என்று முன்கூட்டியே சொல்லாவிட்டால் பயந்து ஜன்னல் வழியே எறிந்துவிடுவார்கள். வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும். அரிவாள் செல் நோய் (ரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள் போல வளையும் பரம்பரை நோய்) உள்ள பிள்ளைக்கு மருத்துவர் சொல்லாமல் கொடுக்கவே கூடாது. கூடலூர், பந்தலூர் பழங்குடிக் குடும்பங்களில் இந்த நோய் உண்டு. அப்பா, அம்மா இருவரும் அதன் மரபணுவைச் சுமப்பவர்களாக இருந்தால், ஒவ்வொரு கருவுக்கும் நோய் வர நாலில் ஒரு வாய்ப்பு. இதை மரபியலாகச் சொல்ல வேண்டும். ஒரு சாதியின் பெயரோடு ஒட்டினால் அந்தப் பிள்ளைகள் மறுநாள் வரமாட்டார்கள்.

ஜூலை 8, செவ்வாய்

சட்டம். "யாரிடமும் சொல்லமாட்டேன்" என்று ஆசிரியர் வாக்குக் கொடுக்கக் கூடாது. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி, அப்படியொரு குற்றம் தெரிந்தும் புகார் செய்யாதது குற்றம். இதை வகுப்பின் முதல் நிமிடமே சொல்லிவிட வேண்டும். பிள்ளை பேசிய பிறகு சொன்னால் அது துரோகம். 1098 (குழந்தைகள் உதவி எண்), 14417 (பள்ளிக் கல்வி உதவி எண்) இரண்டையும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுத வைத்தோம்.

18 வயதுக்குக் கீழே உடலுறவுக்கான சம்மதம் சட்டப்படி செல்லாது. காதலிக்கும் பதினேழு வயதுப் பையன் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிற்கிறான் என்றால், அது அவனுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

மலையில் இன்னொன்று: எல்லோரும் எப்போதும் ஸ்வெட்டர் போட்டிருப்பதால் ஆறு மாதக் கர்ப்பம்கூட வெளியே தெரிவதில்லை. சிறுமிகளுக்குக் கருக்கலைப்பு வரம்பு 24 வாரம், காப்பாளர் சம்மதம் வேண்டும். மாதவிடாய் தள்ளிப்போனால் காத்திருக்காதே, உடனே சொல் என்ற ஒரு வரி எத்தனையோ உயிரைக் காக்கும்.

ஜூலை 14, திங்கள்

2007இல் பல மாநிலங்கள் இந்தப் பாடத்தைத் தடுத்தன. சொல்லிக்கொடுத்தால் கெட்டுப்போவார்கள் என்ற அச்சத்துக்கு ஆதாரமில்லை என்பதை 2018 யுனெஸ்கோ வழிகாட்டி தெளிவாகச் சொல்கிறது. 2024 செப்டம்பரில் உச்ச நீதிமன்றமும் முழுமையான பாலியல் கல்வியை வலியுறுத்தியது. 2020இல் வந்த பள்ளி நலத் திட்டப்படி இந்த வகுப்புகளை எடுக்க பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள் உண்டு. ஆனால் கால அட்டவணையில் பீரியட் இல்லை என்றால் அரையாண்டுத் தேர்வு நெருங்கும்போது முதலில் போவது இதுதான். வெள்ளி மூன்றாவது பீரியட் என்று எழுதி ஒட்டச் சொல்லியிருக்கிறோம். பத்தாம் வகுப்புப் பெட்டி இந்த வெள்ளி திறக்கப்படும்.