முப்பத்தைந்து வெள்ளிக்கு ஒரு வேலி: பினாங்குப் பயணம்

கோலாலம்பூர் திரும்பும் ரயிலில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். பினாங்கில் எங்கே தங்கலாம், எதை எப்போது பார்க்கலாம் என்று வரிசையாகச் சொல்வதாகப் போன முறை வாக்குக் கொடுத்திருந்தேன். மன்னிக்கவும். முதலில் அந்த டாக்ஸிக்காரர் கணக்கை முடித்துவிடுகிறேன். வயிற்றெரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

தீவுக்கு எதிர்க்கரையான பட்டர்வொர்த்தில் ரயிலிலிருந்து இறங்கியதும் கூட்டம் மொத்தமும் ஃபெரிப் பக்கம் நடந்தது. நானும் தம்பியும் மட்டும் வாசலில் நின்றோம். தீவுக்குப் போகுமுன், இந்தக் கரையிலேயே இருக்கும் விமானப்படைத் தளத்தை வெளியிலிருந்தாவது பார்த்துவிட வேண்டும் என்று பல வருட ஆசை. டாக்ஸிச் செயலியில் 13 வெள்ளி (ரிங்கிட்) காட்டியது. இருபது நிமிடமாகியும் ஒரு கார்கூட அகப்படவில்லை. “எங்க போகணும் பாஸ்?” என்று தமிழிலேயே ஒருவர் வந்தார். தமிழ் கேட்டதும் ஒரு தெம்பு. தொகையைக் கேட்டதும் போய்விட்டது. நாற்பது வெள்ளி! “வரும்போது காலியா வரணும் பாஸ், பாத்துக்குங்க” என்றார். எவ்வளவு பேரம் பேசியும் ஐந்து வெள்ளிக்கு மேல் இறங்கவில்லை.

“ரெண்டு தட்டு நாசி கண்டார் போச்சுண்ணே” என்றான் தம்பி.

வேலியை ஒட்டியே வண்டி போனது. சிவப்புப் பலகையில் துப்பாக்கி நீட்டும் சிப்பாய், எதிரே கையைத் தூக்கி நிற்கும் ஆள். மலாய், ஆங்கிலம், சீனத்துக்குக் கீழே தமிழிலும் எழுதியிருந்தது. வேறு எங்கே நம் மொழியை மறந்தாலும், உள்ளே வராதே என்று சொல்வதற்கு மறப்பதில்லை. நிறுத்தவும் கூடாது, படம் எடுக்கவும் கூடாது. ஆக, 35 வெள்ளிக்கு நான் பார்த்தது வேலி. ரொபினா கடற்கரையில் எங்களை இறக்கிவிட்டு அவர் போயே போய்விட்டார்.

ஆனால் அந்தக் கரை இலவசம். எதிரே பினாங்குத் தீவு, நடுவில் கொம்தார் கட்டடம் நட்டுவைத்த தீக்குச்சி மாதிரி. அங்கே உட்கார்ந்துதான், இரண்டாம் உலகப்போரில் இந்தத் தளத்திலிருந்து பறந்த விமானி ஆர்தர் ஸ்கார்ஃப் கதையைத் தம்பிக்குச் சொன்னேன்.

லண்டன் விம்பிள்டனில் 1913இல் பிறந்தவர். 1936இல் பிரிட்டிஷ் விமானப்படையில் சேர்ந்தார். நண்பர்கள் வைத்த பட்டப்பெயர் பொங்கோ. மலாயாவுக்கு வந்த 62ஆம் படைப்பிரிவில் ஸ்குவாட்ரன் லீடர். 1941 டிசம்பர் 8இல் ஜப்பானியர் வடக்கே இருக்கும் அலோர் ஸ்டார் தளத்தைக் குண்டு போட்டு நொறுக்கியதும், மிஞ்சிய பிளென்ஹெய்ம் குண்டுவீச்சு விமானங்கள் பட்டர்வொர்த்துக்கு வந்தன. மறுநாள் சிங்கோராவைத் தாக்கப் புறப்பாடு. இன்றைய தாய்லாந்தின் சொங்க்லாதான் அது. ஜப்பானியர் வந்து இறங்கியிருந்த இடம். ஸ்கார்ஃப் முதலில் மேலே ஏறிவிட்டார். அடுத்தவர்கள் ஏறுமுன் ஜப்பானியக் குண்டுவீச்சு விமானங்கள் வந்துவிட்டன. கீழே நின்றவை மொத்தமும் நாசம். வானத்தில் இவர் ஒருவர்தான். கூடவே கால்டர், ரிச் என்று இரண்டு சார்ஜென்டுகள். துணைக்கு ஒரு சண்டை விமானம்கூடக் கிடையாது.

“அப்ப வேற எங்கயாவது எறங்கியிருக்கலாமேண்ணே?” என்றான் தம்பி.

இறங்கியிருக்கலாம். ஒருவரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். மனிதர் வடக்கே திருப்பினார். போய்க் குண்டு போட்டார். திரும்பும் வழியெல்லாம் ஜப்பானியச் சண்டை விமானங்கள் துரத்திச் சுட்டன. இடது கை சிதைந்து, முதுகில் குண்டு. கூட இருந்தவர்கள் பிடித்துத் தாங்கிக்கொள்ள, அலோர் ஸ்டார்வரை ஓட்டிவந்து இறக்கினார். அந்த இருவருக்கும் ஒரு கீறல் இல்லை. அந்த ஊர் மருத்துவமனையில் நர்ஸாக இருந்தவர் அவருடைய மனைவி. தன் ரத்தத்தையே கொடுத்தும் காப்பாற்ற முடியவில்லை. வயது 28. தோல்வியின் குழப்பத்தில் விஷயம் அமுங்கிப்போய், பிரிட்டனின் மிக உயர்ந்த வீர விருதான விக்டோரியா சிலுவை 1946இல்தான் அறிவிக்கப்பட்டது.

தம்பி கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், “பசிக்குது” என்றான். சரி.

ஃபெரியில் பத்து நிமிடம், சில்லறைக் காசு. சூலியா ஸ்ட்ரீட் பக்கம் ஒரு கடையில் வரிசையில் நின்றோம். இந்த நாசி கண்டார் இருக்கிறதே, நம் தமிழ் முஸ்லிம்கள் காவடிக் கம்பில் சோற்றையும் குழம்பையும் தோளில் தூக்கிப்போய்த் துறைமுகத் தொழிலாளர்களுக்கு விற்ற சாப்பாடு. கோலாலம்பூரில் அதே பெயரில் விற்பதை இனிமேல் நான் சாப்பிடுவதாக இல்லை. “பஞ்சிர்” என்று ஒரு வார்த்தை சொன்னேன், மலாயில் வெள்ளம். கோழிக் குழம்பு, மீன் குழம்பு, பருப்பு என்று ஒவ்வொரு சட்டியிலிருந்தும் ஒரு கரண்டி. சோறு வெள்ளத்தில் மிதந்தது. வெண்டைக்காய் முழுசாக, விதை வெடிக்கிற பதத்தில். பக்கத்து மேசைப் பெரியவர் என் முகத்தைப் பார்த்துச் சிரித்து, “இன்னொரு முட்டை வைக்கச் சொல்லு தம்பி” என்றார். வைக்கச் சொன்னேன். இரண்டு பேருக்கும் 31 வெள்ளி. டாக்ஸியைவிடக் குறைவு!

சாயங்காலம் கார்ன்வாலிஸ் கோட்டை. உள்ளே போகக் கையிருப்பு இடம் கொடுக்கவில்லை. வெளியிலிருந்து கொடிக்கம்பத்தைப் பார்த்தேன். ஸ்கார்ஃப் செத்த இரண்டாம் நாள், டிசம்பர் 11இல், பினாங்கின் தலைநகரான இந்த ஜார்ஜ்டவுன்மேல் குண்டு விழுந்தது. நம்மவர் விமானம் என்று நினைத்துத் தெருவில் நின்று வேடிக்கை பார்த்த கூட்டத்தின் நடுவில். ஒரு வாரத்துக்குள் வெள்ளைக்காரர்கள் ராவோடு ராவாகக் கப்பல் ஏறிவிட்டார்கள். ஊர் மக்களுக்குச் சொல்லக்கூட இல்லை. இந்தக் கோட்டையில் பிரிட்டிஷ் கொடி மட்டும் பறந்துகொண்டிருந்தது. அது பறக்கும்வரை குண்டும் விழும். கடைசியில் அதை இறக்கியவர் ஒரு தமிழர்: ‘ஸ்ட்ரெய்ட்ஸ் எக்கோ’ பத்திரிகை ஆசிரியர், இலங்கையில் பிறந்த சரவணமுத்து. ஊரில் படை இல்லை என்று வானொலியிலும் அறிவித்தார். 19ஆம் தேதி ஜப்பானியர் வந்தார்கள். ஓடிய துரைகளை நினைத்தால் எனக்கு இப்போதும் எரிச்சல்தான். அதே படையில்தான் அந்த 28 வயதுக்காரரும் இருந்தார்.

சற்றுமுன் தைப்பிங்கில் ரயில் நின்றது. ஸ்கார்ஃபைப் புதைத்த போர்க் கல்லறை இந்த ஊரில்தான் இருக்கிறது. இறங்கிவிடலாமா என்று பையைக்கூட எடுத்தேன். இறங்கினால் மறுபடி இரண்டு டிக்கெட். கணக்குப் போட்டு முடிக்குமுன் கதவு மூடிவிட்டது. தம்பி தூங்குகிறான், அவன் மடியில் நாசி கண்டார் பொட்டலம், குழம்பு லேசாகக் கசிகிறது.