பட்டம் வாங்கியாச்சு, ஃபைல் எங்கே?

2023 ஜனவரியில் எனக்கு வைவா, அதாவது ஆய்வேட்டுக்கான வாய்மொழித் தேர்வு, முடிந்தது. வணிகவியலில் முனைவர் பட்டம். பாம்பன் பக்கத்துக் கருவாட்டு வியாபாரத்தில் முன்பணம் கொடுத்தவர் எப்படி விலையைத் தீர்மானிக்கிறார் என்பதுதான் ஆய்வு. அம்மா இருபது வருடமாகச் செய்கிற தொழிலை ஐந்து வருடம் உட்கார்ந்து படித்துவிட்டு வந்திருக்கிறாள் என்று வீட்டில் கிண்டல் வேறு. அன்றைக்குக் காரைக்குடியிலிருந்து தங்கச்சிமடம் வரைக்கும் பஸ்தான். பாம்பன் ரயில் பாலத்தை முந்தின மாதம்தான் மூடியிருந்தார்கள், அப்போது ரயில் மண்டபத்தோடு நின்றுவிடும். பஸ்ஸில் எனக்கு ஒரே கணக்கு: ஜூனில் ஏதாவது ஒரு கல்லூரியில் உதவிப் பேராசிரியர். இரண்டு வருடம் கழித்துத் திரும்பிப் பார்த்தால், ஆய்வேடு எழுதியதைவிட அதற்கப்புறம் காகிதம் சேர்த்ததில்தான் அதிகம் களைத்திருக்கிறேன்.

முதல் அடி இனிஷியலில் விழுந்தது. பிஎச்டி முடித்தால் பட்டச் சான்றிதழ் மட்டும் போதாது, யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) விதிமுறைப்படிதான் பட்டம் வழங்கப்பட்டது என்று தனியாக ஒரு சான்றிதழும் வாங்க வேண்டும், கல்லூரிகள் அதைத்தான் முதலில் கேட்கின்றன. அதற்கு நான் கட்டுரை வெளியிட்டதற்கும் கருத்தரங்கில் வாசித்ததற்கும் ஆதாரம் கொடுத்தேன். ஒரு கருத்தரங்கச் சான்றிதழில் என் பெயருக்கு இனிஷியல் இல்லை. அவ்வளவுதான், கட்டு திரும்பி வந்தது. நடத்திய துறைக்கு எழுதி, அங்கே ஆள் மாறியிருந்து, அந்த ஆளைத் தேடிப்பிடித்து, புதுச் சான்றிதழ் வாங்குவதற்குள் இரண்டு மாதம். பிஎச்டி செய்துகொண்டிருப்பவர்கள் இன்றைக்கே எடுத்துப் பாருங்கள், எல்லாக் காகிதத்திலும் பெயர் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இருக்கிற மாதிரியே இருக்கிறதா என்று.

கட்டுரைகள் இன்னொரு கதை. ஐந்து போட்டிருந்தேன். அதில் இரண்டு, பணம் கட்டினால் பத்தே நாளில் போடுகிற ரகம். யுஜிசி-கேர் என்று யுஜிசி ஏற்றுக்கொண்ட ஆய்விதழ்களின் பட்டியல், அதில் கிடையாது. பெயரில் 'இன்டர்நேஷனல்' என்று இருந்ததைப் பார்த்து ஏமாந்தேன், சொல்வதற்கு வெட்கமாக இருக்கிறது. அந்தப் பட்டியலையே 2025 பிப்ரவரியில் கைவிட்டுவிட்டார்கள் என்பது வேறு விஷயம். அப்புறம்தான் யுஜிசியின் 2018 விதிகளில் இருக்கிற மதிப்பெண் அட்டவணையை ஒழுங்காகப் படித்தேன். நேர்காணலுக்கு யாரைக் கூப்பிடுவது என்று வடிகட்டத்தான் அந்த அட்டவணை. கல்லூரிப் பணிக்கு பிஎச்டிக்கு 25, நெட் என்கிற தேசியத் தகுதித் தேர்வுக்கு 8, ஒரு கட்டுரைக்கு 2 வீதம் அதிகபட்சம் 6, கற்பித்த ஒவ்வொரு வருடத்துக்கும் 2 வீதம் அதிகபட்சம் 10. மூன்று கட்டுரைக்கு மேல் அந்த வடிகட்டலில் ஒரு மதிப்பெண்கூட ஏறாது. நான் நான்காவதுக்கும் ஐந்தாவதுக்கும் பணம் கட்டியிருக்கிறேன்!

2023 மே மாதம் ஒரு சுயநிதிக் கல்லூரியில் மாதிரி வகுப்பு எடுக்கச் சொன்னார்கள். தலைப்பு சமநிலைப் புள்ளி, நம் பாஷையில் பிரேக் ஈவன், லாபமும் இல்லாமல் நஷ்டமும் இல்லாமல் நிற்கிற இடம். நோட்டுப் புத்தகத்தில் இருக்கிற நாற்காலிக் கம்பெனி உதாரணத்தை விட்டுவிட்டு, ஒரு விசைப்படகைப் பலகையில் வரைந்தேன். எங்கள் பக்கம் படகு ஒருநாள் விட்டு ஒருநாள்தான் போகும், காலையில் போனால் மறுநாள் காலையில் கரை. டீசல், ஐஸ், சாப்பாடு, இது மீன் பட்டாலும் படாவிட்டாலும் போகிற காசு. குழுவில் இருந்த ஒரு சார் நடுவில் நிறுத்தி, "கூலியை எங்கேம்மா போட்டீங்க?" என்றார். கூலி இல்லை சார், பங்கு என்றேன். செலவைக் கழித்து மிச்சம் இருப்பதில்தான் ஆட்களுக்குப் பங்கு, மிச்சம் இல்லையென்றால் பங்கும் இல்லை, அதனால் உழைப்புக்கான செலவு நிலைச் செலவாகவும் வராது, பாடநூல் சொல்கிற மாறும் செலவாகவும் சரியாக உட்காராது, படகு முதலாளியின் நஷ்டத்தில் ஒரு பகுதியை எங்கள் அப்பா மாதிரி ஆட்கள் சத்தமில்லாமல் சுமக்கிறார்கள் என்று சொல்லி முடித்தபோது பத்து நிமிடம் இருபத்தைந்து நிமிடமாகியிருந்தது. அந்த சார் சங்காயத்தை எந்தக் கணக்கில் எழுதுவாய் என்றுகூடக் கேட்டார், கோழித் தீவனத்துக்குப் போகிற பொடிமீன்தான். உபபொருள் என்றேன். சில நாள் அதுவே முதன்மைப் பொருள் என்றதும் சிரித்துவிட்டார். என் ஆய்வேட்டை அங்கே யாரும் திறந்துகூடப் பார்க்கவில்லை. வேலை கிடைத்தது.

சம்பளம் 14,000. அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொண்டார்கள். எல்லோரும் கொடுக்கிறார்கள், நானும் கொடுத்தேன், அதுதான் நான் செய்த பெரிய தப்பு. வெளியே வருவதென்றால் இரண்டு மாதச் சம்பளத்தை விட்டுக்கொடுக்க வேண்டும் என்று அப்புறம்தான் சொன்னார்கள். ஒரு வருடத்தில் வெளியே வந்தேன், விட்டும் கொடுத்தேன். மதிப்பெண் அட்டவணையில் அந்த வருடத்துக்கு 2. இத்தனைக்கும் பாடம் நடத்தியது பிடித்திருந்தது. டேலி என்கிற கணக்கு மென்பொருள் வகுப்பில் கீழக்கரைப் பிள்ளைகள் கடையில் அப்பா எழுதும் கைக்கணக்கைக் கொண்டுவந்து காட்டுவார்கள்.

இதற்கு நடுவில் விதியும் மாறியது. பல்கலைக்கழகத் துறைகளில் உதவிப் பேராசிரியராக பிஎச்டி கட்டாயம் என்பது 2021-இல் அமலுக்கு வர வேண்டியது, 2023-க்குத் தள்ளிப்போனது, கடைசியில் அந்த ஜூலையில் பிஎச்டி கட்டாயமில்லை, நெட், செட் (மாநில அளவிலானது) மாதிரித் தகுதித் தேர்வுதான் குறைந்தபட்சம் என்று அறிவித்துவிட்டார்கள். நான் பிஎச்டி சேர்ந்ததற்குப் பாதிக் காரணம் அந்தக் கட்டாயம். முறைப்படி பிஎச்டி வைத்திருந்தால் நெட்டிலிருந்து விலக்கு உண்டுதான், ஆனால் அந்த 8 மதிப்பெண்ணை விட மனசில்லை.

அதனால் பிஎச்டி முடித்துவிட்டு நெட் எழுதினேன். 150 கேள்வி, 300 மதிப்பெண், மூன்று மணி நேரம், தப்புக்குக் கழிக்க மாட்டார்கள். 2024 ஜூன் 18 அன்று மதுரைக்குப் போய் எழுதிவிட்டு வந்தால் மறுநாள் ராத்திரி மொத்தத் தேர்வையும் ரத்து செய்துவிட்டார்கள். மறுதேர்வுக்குக் கிளம்பும்போது அம்மா, "ஏன் புள்ள, அப்ப பெயிலா?" என்றார். ரத்து என்று எத்தனை தடவை சொன்னாலும் அவருக்கு நம்பிக்கையில்லை. தேறிவிட்டேன், அதுவரை நிம்மதி.

இப்போது அரசுக் கலைக் கல்லூரி ஒன்றில் கௌரவ விரிவுரையாளர். ஆன்லைன் விண்ணப்பம், சான்றிதழ் சரிபார்ப்பு, நேர்காணல், இந்தத் தடவை ஃபைல் தயாராக இருந்ததால் சிக்கலில்லை. மாதம் 25,000. வருடத்துக்குப் பதினோரு மாதம்தான், மே மாதம் கிடையாது. நிரந்தரப் பணிக்கு 2024 மார்ச்சில் ஆசிரியர் தேர்வு வாரியம் 4,000 இடம் அறிவித்தது, விண்ணப்பித்தேன், தேர்வு தள்ளிப்போனது, காத்திருக்க வேண்டியதாயிற்று.

மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். ஆக மே மாதம் அப்பாவும் நானும் சேர்ந்து வீட்டில் இருக்கிறோம். அப்பா வலை பின்னுகிறார், நான் கட்டுரை திருத்துகிறேன். போன வாரம் அவருக்குத் தடைக்கால நிவாரணம் 8,000 ரூபாய் வங்கியில் ஏறிவிட்டது. "உங்க காலேஜுக்கு இதெல்லாம் கிடையாதா?" என்று கேட்டுவிட்டு, என் கையில் ஐந்நூறு ரூபாயைத் திணித்தார். ஜெராக்ஸ் செலவுக்காம்.