பாஸ்போர்ட்டை ரூமில் வைத்துவிட்டு ஒசாகாவில் போலீஸிடம் நின்ற ராத்திரி

திருப்பூரில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன், சொந்த ஊர் பெருந்துறைப் பக்கம். 2023 அக்டோபரில் கம்பெனி வேலையாக ஜப்பானில் ஒசாகாவுக்குப் போனேன். முதல் வெளிநாட்டுப் பயணம் அது. போய் இறங்கிய இரண்டாவது நாள் ராத்திரியே போலீஸிடம் ஒன்றரை மணி நேரம் பதில் சொல்லும்படி ஆகிவிட்டது. தப்பு ஒன்றும் செய்யவில்லை, பாஸ்போர்ட் கையில் இல்லை, அவ்வளவுதான் விஷயம். இப்போது நம் பக்கத்துப் பையன்கள் ஜப்பானுக்கு வேலைக்குக் கிளம்புவதைப் பார்க்கிறேன், அதனால் நடந்ததை ஒளிக்காமல் எழுதிவைக்கிறேன்.

எங்கள் வீட்டில் ஒரிஜினல் என்றால் பீரோவுக்குள்தான். பத்திரம், பட்டா, மார்க் ஷீட், எல்லாம் மஞ்சள் பைக்குள் சுற்றி அம்மாவின் சேலைக்கு அடியில் இருக்கும், வெளியே போவது ஜெராக்ஸ் மட்டும். கிளம்புகிற அன்றைக்கும் அப்பா அதையேதான் சொன்னார்: "ஒரிஜினல வெளிய எடுக்காத சாமி, ரூம்லயே வெச்சுப் பூட்டிரு. தொலைஞ்சா அந்நிய ஊர்ல என்ன பண்ணுவ?" நானும் அப்படியே செய்தேன். ஒசாகா ஹோட்டல் ரூமில் சின்ன லாக்கர் இருந்தது, பாஸ்போர்ட்டை அதற்குள் வைத்துவிட்டு லேமினேட் செய்த ஜெராக்ஸ், ஆதார், கம்பெனி ஐடி கார்டு மூன்றையும் பர்ஸில் வைத்துக்கொண்டு தைரியமாகச் சுற்றினேன்.

அன்று ராத்திரி ஒன்பது மணி இருக்கும். கூட வந்த சீனியர் அண்ணா பக்கத்துக் கடைக்குள் போயிருந்தார், நான் ரயில் ஸ்டேஷன் வாசலில் தோள் பையோடு நின்று போனில் மேப் பார்த்துக்கொண்டிருந்தேன். சைக்கிளில் இரண்டு போலீஸ்காரர்கள் வந்து நிறுத்தினார்கள். குரலை உயர்த்தவில்லை, லேசாகத் தலை குனிந்துவிட்டு "பாஸ்போர்ட்" என்றார்கள். ஜெராக்ஸை நீட்டினேன். ஒருவர் வாங்கிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டி மறுபடி "பாஸ்போர்ட்" என்றார். ஆதாரை எடுத்தேன், அதைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. அவர்களுக்கு அது ஒரு படம் போட்ட அட்டை, அவ்வளவுதான். போனில் இருந்த விசா போட்டோவையும் காட்டினேன், அதற்கும் அதே தலையாட்டல்.

அப்புறம்தான் பையைப் பார்க்கலாமா என்று கேட்டார்கள். நான் யோசிக்கவே இல்லை, திறந்து காட்டினேன். உள்ளே நாலு சாம்பிள் டீ-ஷர்ட், துணி ஸ்வாட்ச் கார்டு, ஒரு இன்ச் டேப், கூடவே பிசிறு நூல் வெட்டுகிற ட்ரிம்மர் என்கிற சின்னக் கத்தரி. நம் ஊரில் செக்கிங் டேபிளில் உட்காரும் ஒவ்வொரு அக்காவின் கையிலும் இருக்கிற அதே ட்ரிம்மர்தான், செக்-இன் பெட்டியில் போட்டுக் கொண்டுவந்து, மீட்டிங்குக்காகத் தோள் பைக்கு மாற்றியிருந்தேன். அதை எடுத்துப் பார்த்ததும் இருவர் முகமும் மாறிவிட்டது. எனக்கு உள்ளங்கை வியர்த்துவிட்டது. ஜப்பானில் ஆறு சென்டிமீட்டருக்கு மேல் நீளமான கத்தியைத் தகுந்த காரணம் இல்லாமல் கொண்டுபோவது குற்றம், அதைவிடச் சின்னதாக இருந்தாலும் காரணமில்லாமல் மறைத்து வைத்திருந்தால் சிறு குற்றச் சட்டத்தில் பிடிக்கலாம் என்பதெல்லாம் எனக்குப் பின்னால்தான் தெரியும். அந்த இடத்தில் செய்ய முடிந்தது ஒன்றுதான்: டீ-ஷர்ட்டை எடுத்து, ஓரத்தில் நீட்டிக்கொண்டிருந்த நூலைக் காட்டி, கையைக் கத்தரி மாதிரி ஆட்டினேன். ஒருவருக்குப் புரிந்தது, தலையாட்டிக்கொண்டார். ஆனால் பாஸ்போர்ட் கேள்வி அப்படியே இருந்தது.

ஸ்டேஷனை ஒட்டியே கோபான் என்கிற சின்னப் போலீஸ் பெட்டி இருந்தது, நம் ஊர் அவுட்போஸ்ட் மாதிரி. அங்கே கூட்டிப்போய் நாற்காலி கொடுத்து உட்காரவைத்தார்கள். ஆங்கிலம் தெரிந்த ஒருவரைப் போனில் பிடித்து, போன் என் கைக்கும் போலீஸ்காரர் கைக்குமாக மாறி மாறிப் போனது. எப்போது வந்தீர்கள், எந்த ஹோட்டல், யாரைப் பார்க்க வந்தீர்கள், என்றைக்குத் திரும்புகிறீர்கள், கூட யார். கேட்டதையே இன்னொரு விதமாக மறுபடி கேட்டார்கள். நான் ஒவ்வொன்றுக்கும் சின்னச் சின்ன வாக்கியமாக, தெரிந்ததை மட்டும் சொன்னேன். புரியாத கேள்விக்கு ஆமாம் என்று தலையாட்டாமல், புரியவில்லை, மறுபடி சொல்லுங்கள் என்று கேட்டேன். அன்றைக்கு நான் ஒழுங்காகச் செய்த காரியம் அது ஒன்றுதான் என்று இப்போதும் நினைக்கிறேன். பயத்தில் எல்லாவற்றுக்கும் தலையாட்டினால் எதற்கு ஆமாம் சொன்னோம் என்றே தெரியாமல் போய்விடும்.

நடுவில் வீட்டுக்காரி கூப்பிட்டாள். அங்கே ஒன்பதரை என்றால் நம் ஊரில் சாயங்காலம் ஆறு மணி, பையனுக்கு ஹோம்வொர்க் சொல்லிக் கொடுத்துக்கொண்டே கூப்பிடுகிற நேரம். எடுக்கலாமா என்று அவர்களிடம் சைகையில் கேட்டேன், எடுக்கச் சொன்னார்கள். "மீட்டிங்ல இருக்கறேன் கண்ணு, அப்புறம் கூப்பிடறேன்" என்று சொல்லி வைத்துவிட்டேன். அந்தப் பொய்யைச் சொன்னபோதுதான் தொண்டை அடைத்தது.

கடைசியில் ஒரு போலீஸ்காரர் என்னோடு ஹோட்டலுக்கு நடந்தே வந்தார். அண்ணாவும் அதற்குள் என்னைத் தேடி வந்து சேர்ந்துகொண்டார், அவரும் பாஸ்போர்ட்டை ரூமில்தான் வைத்திருந்தார். லாக்கரைத் திறந்து எடுத்துக் கொடுத்ததும், போலீஸ்காரர் போட்டோ பக்கத்தை ஒரு நொடிதான் பார்த்தார். நேராக உள்பக்கம் புரட்டி, ஏர்போர்ட்டில் கைரேகை எடுத்து ஒட்டிவிட்ட ஸ்டிக்கரில் விரலை வைத்தார். நாட்டுக்குள் வர அனுமதித்த தேதி, எத்தனை நாள், எல்லாம் அதில்தான் இருக்கிறது. நான் எடுத்துவைத்த ஜெராக்ஸ் இந்தியாவிலேயே எடுத்தது, அதில் அந்த ஸ்டிக்கர் எப்படி இருக்கும்? தேதியைக் குறித்துக்கொண்டு, எப்போதும் கையில் வைத்திருங்கள் என்று மூன்று தடவை சொல்லி, குனிந்துவிட்டுப் போனார். அபராதம் போடவில்லை.

மறுநாள் எங்கள் துணியை வாங்குகிற பையர் ஆபீஸில் சொன்னபோதுதான் சட்டம் என்னவென்று விவரமாகத் தெரிந்தது. ஜப்பானுக்குச் சில நாள் போகிற பதினாறு வயது நிரம்பிய வெளிநாட்டுக்காரர் எல்லோரும் பாஸ்போர்ட் ஒரிஜினலைக் கூடவே வைத்திருக்க வேண்டும், போலீஸ் கேட்டால் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் ஒரு லட்சம் யென் வரை அபராதம், நம் பணத்தில் ஐம்பதாயிரத்துக்கு மேல். பையைத் திறந்து காட்டுவது நம் சம்மதத்தைப் பொறுத்தது, பாஸ்போர்ட் காட்டுவது அப்படி இல்லை. சாதா உடையில் வந்து கேட்டால் அவருடைய போலீஸ் அட்டையைக் காட்டச் சொல்லி நாமும் கேட்கலாம். கைது என்றே ஆகிவிட்டால் இந்தியத் தூதரகத்துக்குச் சொல்லுங்கள் என்று கேட்க நமக்கு உரிமை உண்டு, 1963 வியன்னா ஒப்பந்தம் கொடுத்த உரிமை அது. ஒசாகாவிலேயே நம் துணைத் தூதரகம் இருக்கிறது, அதன் நம்பரைப் போனிலும் ஒரு தாளிலும் எழுதி வைத்துக்கொண்டேன், ஏனென்றால் போன் சார்ஜ் தீர்ந்தால் நம்பரும் போச்சு.

ஊர் திரும்பியதும் சவுதியில் பதினாலு வருஷம் இருந்த மாமாவிடம் இதைச் சொன்னேன். அவர் சொன்னது வேறு கதை. "மாப்ள, எங்க பாஸ்போர்ட்ட மொதலாளி வாங்கி வெச்சுக்குவான், அப்படி வெச்சுக்கக் கூடாதுன்னு அந்த ஊர்ச் சட்டமே சொல்லுது, ஆனா யாரு கேக்கறது? எங்களுக்கு எல்லாமே இக்காமாங்கற அந்த ஊர்ல தங்கற அனுமதி அட்டைதான். குளிக்கப் போனாலும் அது சட்டைப் பாக்கெட்ல இருக்கும்." அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது, அப்பா சொன்னதும் தப்பில்லை, மாமா சொன்னதும் தப்பில்லை, நான்தான் போகிற நாட்டில் எந்தத் தாள் பேசும் என்று கிளம்பும் முன் கேட்டுக்கொள்ளாமல் போனேன். இத்தனைக்கும் நம் ஊருக்குப் பையர் வரும்போது ஹோட்டலில் பாஸ்போர்ட்டை வாங்கி, 24 மணி நேரத்துக்குள் அவர்கள் தங்கும் விவரம் அரசுக்குப் போகிறதா என்று பின்னால் நின்று பார்க்கிறவனே நான்தான். அவர்கள் எல்லோரும் உள்பாக்கெட்டில் கையை விட்டு ஒரிஜினலைத்தான் எடுப்பார்கள். எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன், மனதில் பதியவில்லை.

தொலைந்துபோகும் என்கிற அப்பாவின் பயமும் நிஜமான பயம்தான். தொலைத்தால் முதலில் அங்கே போலீஸில் எழுதிக்கொடுத்துச் சான்று வாங்க வேண்டும், அதைக் கொண்டுபோய்த் தூதரகத்தில் எமர்ஜென்சி சர்டிபிகேட் வாங்க வேண்டும், அது இந்தியாவுக்குத் திரும்ப ஒரு வழிக்கு மட்டும்தான். அதனால் எங்கள் பிரிவில் பவர் டேபிளில் இருக்கிற டெய்லர் அக்காவிடம் போய், கழுத்தில் மாட்டி பனியனுக்குள் போட்டுக்கொள்கிற மாதிரி ஒரு பை கேட்டேன். "எத்தனை பீஸுங்க தம்பி?" என்று கேட்டுவிட்டு, கட்டிங்கில் மிஞ்சின இன்டர்லாக் துணியில் ஜிப் வைத்து மத்தியானத்துக்குள் தைத்துக் கொடுத்துவிட்டார். வேர்வை படாமல் இருக்க உள்ளே ஒரு பிளாஸ்டிக் கவர்.

2024இல் மறுபடி போனேன். அதே மாதிரி ஒரு ஸ்டேஷன், அதே மாதிரி சைக்கிள், அதே கேள்வி. பனியனுக்குள் இருந்து எடுத்து, ஸ்டிக்கர் ஒட்டின பக்கத்தை நானே விரித்துக் கொடுத்தேன். இரண்டு நிமிஷம் ஆகவில்லை. ட்ரிம்மரை ரூமிலேயே விட்டிருந்தேன்.

போன மாசம் பக்கத்து வீட்டுப் பையனுக்கு நாகோயாப் பக்கம் ஒரு ஃபேக்டரியில் வேலை கிடைத்தது. வேலைக்குப் போகிறவர்களுக்கு விதி வேறு: ஏர்போர்ட்டிலேயே ரெசிடென்ஸ் கார்டு கொடுத்துவிடுவார்கள், அதைத்தான் எப்போதும் வைத்திருக்க வேண்டும், பாஸ்போர்ட்டை ரூமில் வைக்கலாம். வீடு அமைந்த 14 நாளுக்குள் அந்த ஊர் அலுவலகத்தில் முகவரியைப் பதிந்துவிட வேண்டும். கார்டு இல்லாமல் மாட்டினால் இரண்டு லட்சம் யென் வரை அபராதம். அவனுக்கும் ஒரு பை தைக்கச் சொன்னேன். கார்டு ஏடிஎம் கார்டு அளவுதான் என்றதும் அக்கா, "அப்ப கைக்குட்டை அளவு துணி போதுமுங்க தம்பி, ஜிப்பு மட்டும் நல்லதாப் பாத்து வெச்சர்றேன்" என்றார்.