வாடல் அறைக் குறிப்புகள்

அக்டோபர் 13, கோத்தகிரி

கூடலூர் பக்கம் ஜூன், ஜூலையிலேயே மழை கொட்டித் தீர்த்துவிடும். எங்களுக்கு வடகிழக்குப் பருவமழைதான். எங்கள் தேயிலைத் தொழிற்சாலையில் இலை குவிவதும் இதே மாதங்களில். இந்த நேரம் பார்த்து, தூள் தயாரிப்பைக் கவனிக்கும் டீ மேக்கருக்கு உதவியாக ஒரு தம்பி சேர்ந்திருக்கிறான். தனியாக உட்காரவைத்துப் பாடம் நடத்த யாருக்கு நேரம்? தேவையும் இல்லை. நான் தினமும் ரவுண்டு போகிறவன்தானே, கூட வரட்டும். மனசுக்குள் நினைப்பதை வாய்விட்டுச் சொன்னால் போதும்.

இன்று வாடல் ட்ரஃபில், அதாவது பறித்த இலையைப் பரப்பிக் காற்று ஊதி வாடவிடும் நீளத் தொட்டியில், ஒரு பிடி இலையை அள்ளினேன். வழக்கமாக அமுக்கிப் பார்த்துவிட்டு அடுத்த ட்ரஃபுக்கு நகர்ந்துவிடுவேன். இன்று நின்றேன். "பாரு தம்பி, காம்பை மடக்கினா டக்குன்னு ஒடியுது. தண்ணி இன்னும் போகல. வாடின காம்பு ஒடியாது, வளையும்." அவனும் ஒன்றை எடுத்து மடக்கினான். ஒடிந்தது. அடுத்த ட்ரஃபில் நான் கைவைப்பதற்குள் அவன் வைத்துவிட்டான்.

அக்டோபர் 15

காலையில் கப் பார்க்கும்போது, அதாவது தயாரான தூளில் டீ போட்டு ருசி பார்க்கும்போது, முதலில் வாய் திறப்பது எப்போதும் டீ மேக்கர்தான். அவர் "பிரைட்டா இருக்கு" என்றுவிட்டால் மற்றவர்களுக்கும் அது பிரைட்டாகத்தான் தெரியும். ஆகவே இன்றுமுதல் இளையவர் முதலில் சொல்ல வேண்டும், நான் கடைசியில்.

ராத்திரி ஷிப்ட் கப்பை உறிஞ்சிவிட்டு, "பச்சை வாசம் அடிக்குது சார்" என்றான் தம்பி, தயங்கித் தயங்கி. ஏன் என்று கேட்டேன். யோசித்துவிட்டு, ராத்திரி குளிர் அதிகம், நசுக்கின இலை காற்றுபட்டு நிறம் மாறும் நொதிப்பு மெதுவாகியிருக்கும், ஆனால் வழக்கமான நேரத்துக்கே டிரையருக்கு அனுப்பியிருக்கிறார்கள் என்றான். சரியான பதில். கடிகாரத்தை மட்டும் நம்பாமல், செம்பு நிறம் வந்துவிட்டதா, பச்சை வாடை போய்விட்டதா என்று பார்க்க வேண்டும் என்பதை மட்டும் சேர்த்துச் சொன்னேன்.

அக்டோபர் 18

விடாத மழை. சாலையில் மண் சரிந்து இலை வண்டிகள் தாமதம்.

அக்டோபர் 19

நேற்று ராத்திரி ஷிப்டிலிருந்து தம்பியின் போன். "இலை சொட்டச் சொட்ட வந்திருக்கு சார், என்ன பண்ணட்டும்?" சொல்லிவிட ஒரு நிமிடம்கூட ஆகாது. ஆனால், "உலர் பல்பும் ஈர பல்பும் என்ன காட்டுது?" என்று திருப்பிக் கேட்டேன். காற்றின் ஈரத்தைக் காட்டும் அந்த இரண்டு வெப்பமானிகளுக்கும் அதிக வித்தியாசமில்லை என்றான். "அப்போ?" கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு அவனே சொன்னான்: காற்றிலேயே ஈரம் நிறைந்திருப்பதால் வெறும் காற்று ஊதிப் பிரயோஜனமில்லை, லேசாகச் சூடு சேர்க்க வேண்டும், இலையையும் மெல்லிசாகப் பரப்ப வேண்டும். "அப்படியே செய்" என்றேன்.

ஒரு எட்டு போய்ப் பார்த்துவிடலாம் என்று மனசு அடித்துக்கொண்டது. போகவில்லை. போயிருந்தால் ஷிப்டில் இருந்த அத்தனை பேரும் அவன் முகத்தை விட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்திருப்பார்கள். தலைமைப் பொறுப்பில் இருப்பவர்கள் இதில் உறுதியாக இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். பொறுப்பைக் கொடுத்துவிட்டு வாசலில் போய் நின்றால், கொடுத்ததாகவே ஆகாது.

அக்டோபர் 22

டிரையரில் நிற்கும் அண்ணன், 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்த குடும்பத்தைச் சேர்ந்தவர். அப்பா காலத்திலிருந்தே தேயிலைதான். டிரையரிலிருந்து இறங்கும் தூளில் ஈரம் சுமார் மூன்று சதவீதம் இருக்க வேண்டும். மீட்டர் வைத்திருக்கிறோம். ஆனால் அவர் விரல்களுக்கு நடுவே தூளை நசுக்கி, முகர்ந்து பார்த்து, "கொஞ்சம் தீஞ்ச வாடை வருது சார், சூட்டைக் குறைக்கணும்" என்று முன்கூட்டியே சொல்லிவிடுவார்.

தம்பி பக்கத்தில் இருக்கும்போதுதான் அவரிடம் வேண்டுமென்றே கேட்டேன்: "அண்ணே, இன்னைக்கு எப்படி இருக்கு?" படித்துவிட்டு வரும் பிள்ளைகளுக்கு இயந்திரம் சீக்கிரம் பிடிபட்டுவிடுகிறது. தொழிலாளியிடம் போய் நின்று கேட்கத்தான் கூச்சம். கேளு என்று சொல்லி அந்தக் கூச்சத்தைப் போக்க முடியாது. மேலே இருப்பவன் கேட்பதைக் கண்ணால் பார்க்க வேண்டும். மத்தியானம் டிரையர் பக்கம் போனேன். தம்பி கை நிறையத் தூளை வைத்துக்கொண்டு அண்ணனிடம் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தான். நான் வந்த வழியே திரும்பிவிட்டேன்.

அக்டோபர் 25

குன்னூரில் 1963-லிருந்து தேயிலை ஏலம் நடக்கிறது. அங்கிருந்து தரகர் கூப்பிட்டு, மழை இலையில் செய்த லாட்டை, அதாவது ஏலத்துக்குப் போகும் அந்தத் தூள் தொகுதியைப் பற்றி விசாரித்தார். "அந்த ராத்திரி ஷிப்டைப் பார்த்தவர்கிட்டயே கேளுங்க" என்று போனைத் தம்பியிடம் கொடுத்தேன். வாடல் எப்படிப் போனது, கப் எப்படி இருக்கிறது, எல்லாம் அவனே சொன்னான். எழுத்திலும் வேண்டும் என்றாராம். சாயங்காலம் எழுதிக்கொண்டுவந்து காட்டினான். நான் எழுதியிருந்தால் இன்னும் சுருக்கமாக இருந்திருக்கும். கை வைக்கவில்லை. அவன் பெயரிலேயே போகட்டும் என்று சொல்லிவிட்டேன்.

நாளை மறுநாள் கட்டபெட்டு பக்கம் சிறு விவசாயிகளைப் பார்க்கப் போகிறேன். முற்றின இலை கலந்து வருவதைப் பற்றிப் பேச வேண்டும், அவர்கள் மனம் கோணாமல். ஜீப்பில் அவனுக்கும் இடம் இருக்கிறது.