நெருப்புக்கோழி: இறகு, முட்டை, இறைச்சி

சிங்கப்பூரின் ஆர்ச்சர்ட் சாலைக் கடைகளில் புள்ளி புள்ளியாக மேடிட்ட நெருப்புக்கோழித் தோல் பைகள் இருக்கும். அந்தப் புள்ளிகள் இறகு முளைத்த தடங்கள். ஆனால் நெருப்புக்கோழிப் பண்ணைகள் தொடங்கியது இறகுக்காகத்தான்: தென்னாப்பிரிக்காவின் வறண்ட கரூ பகுதியில், 1860களில். 1869இல் பண்ணையாளர் ஆர்தர் டக்ளஸ் செய்த அடைகாப்புக் கருவி தொழிலைப் பெரிதாக்கியது. ஐரோப்பியப் பெண்களின் தொப்பிகளை நம்பியிருந்த வியாபாரம் 1914இல் சரிந்தது. அளவுமீறிய உற்பத்தி, மாறிய நாகரிகம், போர் எல்லாம் சேர்ந்துகொண்டன.

இறகைப் பிடுங்கக் கூடாது, வெட்ட வேண்டும். முற்றாத குருத்தை வெட்டினால் இரத்தம் கசியும்.

கடினமான வேலை முட்டையைப் பொரிக்க வைப்பதுதான். ஏறக்குறைய 1.4 கிலோ எடை, 36 டிகிரி சூடு, 42 நாள். அதற்குள் ஓட்டின் வழியாக 15 சதவீத எடை நீராக வெளியேற வேண்டும். காற்றில் ஈரம் மிகுந்தால் நீர் வெளியேறாது. குஞ்சு வீங்கி முட்டைக்குள்ளேயே இறந்துவிடும். சிங்கப்பூர் போன்ற புழுக்கமான ஊரில் ஈரம் உறிஞ்சும் இயந்திரம் இல்லாமல் பொரிக்க வைப்பது வீண்முயற்சி என்பேன்.

சிங்கப்பூர்க் காப்பிக்கடைகளில் இஞ்சி, வெங்காயத்தாள் போட்டு வதக்கித் தருகிறார்களே, அந்த இறைச்சி சிவப்பு, கொழுப்பு மிகக் குறைவு. வீட்டில் சமைத்தால் நாருக்குக் குறுக்காக மெல்லியதாக நறுக்கி, சோளமாவு பிசறி, பெருந்தீயில் இரண்டு நிமிடம் போதும். அதற்கு மேல் விட்டால் ரப்பர்தான்.