முட்டைக்கு முன் தீனி: வீவக வீட்டில் கோமாளி மீன் வளர்ப்பு

கோமாளி மீன்கள் முட்டையிடுவது அரிதான செய்தி அல்ல. பொருந்திய ஜோடியும் சீரான தண்ணீரும் வேளாவேளைக்குத் தீனியும் இருந்தால் அவை தாமாகவே முட்டையிடும். பொரிந்த மறுநாள் காலையில் குஞ்சுகளின் வாய்க்குள் போகக்கூடிய உயிருள்ள தீனி வீட்டில் இருக்கிறதா என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. சிங்கப்பூரின் ஈசூனில், வீவக எனப்படும் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் நான்கறை வீட்டில் இதைச் செய்துகொண்டிருக்கிறேன். தமிழில் இதைப் பற்றி எழுதுபவர்கள் குறைவு என்பதால், கண்டதையும் செய்ததையும் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் தண்ணீர். சொந்த ஊரில் நன்னீர் மீன் வளர்த்துப் பழகியவர்கள், குழாய்த் தண்ணீரை ஒரு இரவு வாளியில் வைத்தால் குளோரின் போய்விடும் என்பார்கள். சிங்கப்பூரில் அது போதாது. இங்கே பொதுப் பயனீட்டுக் கழகம் வழங்கும் நீரில் கிருமிநீக்கத்துக்காகக் குளோரமின் இருக்கிறது. குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்த அந்தச் சேர்மம் வாளியில் வைத்திருப்பதால் எளிதில் வெளியேறாது. மருந்து ஊற்றி முறித்தாலும் அம்மோனியா மிஞ்சும். பெரிய மீன் உள்ள தொட்டியில் அதை நுண்ணுயிர்கள் கவனித்துக்கொள்ளும். வடிகட்டியே இல்லாத குஞ்சுத் தொட்டிக்கு அதுவே நஞ்சு. அதனால் கரித்துண்டு வடிகட்டியும் ஆர்.ஓ. சவ்வும் அயனி நீக்கும் பிசினும் உள்ள கருவி வழியாக வந்த நீரில்தான் கடல் உப்பைக் கரைக்கிறேன். ஒப்படர்த்தி, அதாவது நன்னீரோடு ஒப்பிட்ட அடர்த்தி, 1.025.

அடுத்தது சூடு. எங்கள் வரவேற்பறையில் பிற்பகல் வெப்பம் 30 டிகிரியைத் தாண்டிவிடும். விளக்கும் பம்பும் தரும் சூடு வேறு. தண்ணீர்மேல் சின்ன மின்விசிறியை ஓடவிட்டால் ஆவியாதலால் இரண்டு மூன்று டிகிரி குறையும். மழைக்காலத்தில் காற்றில் ஈரம் ஏறிவிட்டால் அந்தப் பயனும் குறைந்துபோகும். மீன்கள் மட்டும் என்றால் விசிறியோடு சமாளித்திருப்பேன். கோமாளி மீன்கள் குடியிருக்கும் பூப்போன்ற கடலுயிரான கடல் சாமந்தியை வைக்க வேண்டும் என்று முடிவு செய்ததும் குளிரூட்டும் கருவி வாங்கிவிட்டேன். மின்கட்டணம் கூடியது உண்மைதான். ஆனாலும் தொட்டி இரவும் பகலும் 26 டிகிரியில் நிற்கிறது. விசிறி ஓடும் தொட்டியில் குறையும் அளவுக்கு உப்பில்லாத நீரைத்தான் ஊற்ற வேண்டும். ஆவியாவது நீர் மட்டும்தான், உப்பு உள்ளேயே தங்கிவிடும்.

இனி மீன்கள். நான் வளர்ப்பது ஆசிலாரிஸ் இனம். இது நம் சிங்கப்பூர்க் கடலிலேயே வாழ்கிறது. புலாவ் ஹந்து தீவுப் பக்கம் முக்குளிப்பவர்கள் அடிக்கடி பார்ப்பார்கள். கடலில் பிடித்த மீன் எனக்கு வேண்டாம். சிராங்கூன் நார்த் கடை வரிசையில், பண்ணையில் பொரித்த இரண்டு சிறு மீன்களை அளவு பார்த்து, ஒன்று பெரியதாகவும் ஒன்று சிறியதாகவும் எடுத்து வந்தேன். கோமாளி மீன் எதுவும் பெண்ணாகப் பிறப்பதில்லை. கூட்டத்தில் மேலோங்கி நிற்பது பெண்ணாகிறது. அதற்கு அடுத்தது ஆணாகிறது. பெண் இறந்துபோனால் ஆண் பெண்ணாக மாறி அந்த இடத்துக்கு வரும். ஆகவே ஜோடி சேர்க்க ஆண் பெண் பார்த்துத் தேட வேண்டியதில்லை, அளவு வித்தியாசம் போதும். சிறியது உடலைச் சாய்த்து நடுங்கிக் காட்டினால் பணிந்துவிட்டது என்று பொருள். அந்த நடுக்கத்தைப் பார்த்துவிட்டால் பாதிக் கவலை தீர்ந்தது.

முட்டையிடும் இடத்துக்கு, பொங்கல் நேரத்தில் தேக்காவில் விற்கும் சாயம் பூசாத சின்ன மண்சட்டி ஒன்றைக் கழுவி ஊறவைத்துத் தொட்டியில் சாய்த்து வைத்தேன். பலரும் ஓடு வைக்கிறார்கள். சட்டிதான் எனக்குப் பிடித்திருக்கிறது. உள்பக்கம் நிழலாக இருக்கும், தூக்கி வேறு தொட்டிக்கு மாற்றவும் எளிது. முட்டையிடுவதற்கு முன் இரண்டும் சட்டியை வாயால் கொத்திக் கொத்திச் சுத்தம் செய்யும். அந்த நாட்களில் கையை உள்ளே விட்டால் பெண் மீன் பாய்ந்து வந்து கடிக்கும். காது கொடுத்துக் கேட்டால் கண்ணாடி வழியாகச் சன்னமான ‘டக் டக்’ சத்தம் வரும். பற்களை மோதி எழுப்பும் அந்த ஒலியால்தான் அவை ஒன்றையொன்று எச்சரிக்கின்றன.

முதல் சில முட்டைத் தொகுதிகளை ஜோடி தின்றுவிடுவது வழக்கம். எங்கள் ஜோடியும் தின்றது. அதில் கவலைப்பட ஒன்றுமில்லை, இளம் ஜோடிக்குப் பழக நேரம் கொடுக்க வேண்டும். நானும் அந்த இடைவெளியில்தான் ரோட்டிஃபரில் இறங்கினேன். ரோட்டிஃபர் என்பது ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒன்றிலிருந்து மூன்று பங்கு வரை அளவுள்ள நுண்ணுயிர். பொரிந்த கோமாளிக் குஞ்சின் வாய்க்குப் பொருத்தமான முதல் உணவு அது. இந்தத் துறையில் நான் அண்ணன் என்று அழைக்கும் ஒருவர் ஒரு பாட்டில் நிறையத் தந்து, “மீன் முட்டை போட்ட பிறகு இதைத் தேடாதே தம்பி. இதை ஒரு மாதம் சாகாமல் வைத்திருந்து காட்டு, அப்புறம் முட்டையைப் பற்றிப் பேசலாம்” என்றார். இந்தப் பொழுதுபோக்கில் எனக்குக் கிடைத்த மிகச் சரியான அறிவுரை இதுதான்.

நம் ஊர் வெப்பம் ரோட்டிஃபருக்கு வரப்பிரசாதம். குளிர் நாடுகளில் சூடேற்றி வளர்ப்பதை இங்கே சமையலறைப் பின்கட்டில் ஒரு வாளியில் வளர்க்கலாம். உப்பு கடலைவிடக் குறைவாக, ஒப்படர்த்தி 1.015 அளவில் வைக்கிறேன். காற்றுக் குழாயில் கல் மாட்டாமல் பெரிய குமிழாக மெதுவாக விடுகிறேன். தீனி நன்னோகுளோராப்சிஸ் என்னும் நுண்பாசி. காலையில் பச்சையாக இருக்கும் வாளி மாலையில் வெளிறினால் தின்று தீர்த்துவிட்டது என்று அறிந்து மீண்டும் ஊற்ற வேண்டும். நாள்தோறும் கால் பங்கை வடித்தெடுத்துப் புது நீர் சேர்க்க வேண்டும். பயன்படுத்தாவிட்டாலும் வடித்தே ஆக வேண்டும், இல்லையென்றால் கழிவு மிகுந்து ஒரே இரவில் வாளி முழுதும் மாண்டுபோகும். அதனால் எப்போதும் இரண்டு வாளிகள். ஒன்று பின்கட்டில், மற்றொன்று படுக்கையறை மூலையில். ஒன்றில் போட்ட கரண்டியை மற்றொன்றில் போடக் கூடாது என்பது வீட்டுச் சட்டம். அதை என்னைவிட என் மனைவிதான் கறாராகக் கடைப்பிடிக்கிறார்.

வாளி நலமாக இருக்கிறதா என்று அறிய ஒரு கண்ணாடிக் குவளையில் எடுத்து விளக்கின்முன் பிடிப்பேன். வெண்புள்ளிகள் உருண்டு உருண்டு நீந்தும். மகளின் மலிவான நுண்ணோக்கியில் பார்த்தால் ஒவ்வொன்றின் பின்புறமும் ஒன்றிரண்டு முட்டைகள் ஒட்டிக்கொண்டிருக்கும். முட்டை சுமக்கும் ரோட்டிஃபர்கள் நிறைய இருந்தால் வாளி வளர்கிறது. முட்டையே தென்படாமல், ஓட்டமும் மந்தமாகிவிட்டால் இரண்டு நாளில் சரிந்துவிடும். அளவுகோல், கணக்கு எல்லாவற்றையும்விட இந்த அடையாளத்தையே நம்புகிறேன்.

பிறகு ஒரு மாலை, சட்டியின் உள்பக்கம் ஆரஞ்சு நிறத்தில் நெருக்கமாக முட்டைகள். ஆண் மீன் பக்கத்துடுப்புகளால் விடாமல் விசிறும், கெட்ட முட்டையை வாயால் பொறுக்கி எடுக்கும். சில நாட்களில் ஆரஞ்சு மங்கிப் பழுப்பாகும். அதன் பிறகு ஒவ்வொரு முட்டையின் நுனியிலும் கரும்புள்ளியாக இரண்டு கண்கள். கடைசிக் கட்டத்தில் அந்தக் கண்களைச் சுற்றி வெள்ளி வளையம் ஏறும். கைவிளக்கைச் சாய்த்துப் பிடித்தால் சட்டி முழுதும் மினுங்கும், உள்ளே சுருண்ட வால் துடிப்பதுகூடத் தெரியும். “அப்பா, எல்லாமே நம்மையே பார்க்கின்றன” என்றாள் மகள். வெள்ளி ஏறிவிட்டால் அன்றோ மறுநாளோ பொரியும். 27 டிகிரிச் சூட்டில் முட்டையிட்டதிலிருந்து ஏழெட்டு நாள். குளிர்ந்த தொட்டியில் இன்னும் சற்றுத் தாமதமாகும்.

பொரிவது இருட்டில். விளக்கணைத்த ஓரிரு மணி நேரத்துக்குள் கூட்டமாகப் பொரியும். அந்த மாலை சட்டியை எடுத்து, பெற்றோர் தொட்டியின் நீரையே நிரப்பிய குஞ்சுத் தொட்டிக்கு மாற்றுகிறேன். ஆண் மீன் விசிறுவதற்கு ஈடாக முட்டைகளுக்கு அருகே காற்றுக் குமிழ் ஓட வேண்டும். தொட்டியின் பக்கங்களில் கறுப்புத் தாள் ஒட்டியிருக்கிறேன், கண்ணாடியில் ஒளி பட்டுத் தெறித்தால் குஞ்சுகள் அதில் போய் மோதிக்கொண்டே இருக்கும். காலையில் தாளை விலக்கிப் பார்த்தால் கண்ணும் வயிறும் மட்டும் தெரிகிற, மற்றபடி ஊடுருவித் தெரியும் நூல்துணுக்குகள் நீந்தும்.

அடுத்த ஒரு வாரம் வேறு எதற்கும் நேரமில்லை. நீரைப் பாசியால் இளம்பச்சையாக வைத்தால் ஒளி மட்டுப்படும், உள்ளே இருக்கும் ரோட்டிஃபருக்கும் பசி தீரும். ஒரு மில்லிலிட்டருக்குப் பத்து ரோட்டிஃபருக்குக் குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இரை எதிரே வந்தால் குஞ்சு உடலை எஸ் வடிவில் வளைத்து நின்று சட்டென்று பாயும். பாய்கிறதா என்று கவனியுங்கள். வளையாமல் மிதந்துகொண்டிருப்பவை தேறுவது கடினம். அடியில் படியும் கழிவைக் காற்றுக் குழாயால் உறிஞ்சி எடுக்கிறேன், புது நீரைச் சொட்டுச் சொட்டாக விடுகிறேன். நாலைந்து நாட்கள் கழித்து, அன்று பொரித்த ஆர்ட்டீமியா என்னும் உப்புநீர்ச் சிற்றிறாலைக் கொஞ்சமாகக் கலக்கத் தொடங்கலாம். அதன் ஓடு குஞ்சின் வயிற்றுக்குள் போய்விடக் கூடாது, ஓட்டைப் பிரித்தபின்பே கொடுக்க வேண்டும். பொறுமை இழந்து ஆர்ட்டீமியாவுக்குச் சீக்கிரம் தாவுவதால் நிறையப் பேர் குஞ்சுகளை இழக்கிறார்கள்.

பத்தாம் நாளை ஒட்டி உருமாற்றம். நீர் நடுவே நீந்தியவை அடிக்கு இறங்கும். உடல் கறுத்து ஆரஞ்சாகும், கண்ணுக்குப் பின்னால் முதல் வெள்ளைப் பட்டை விழும். இந்தக் கட்டத்திலும் சில போய்விடும். தாண்டியவை பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். பட்டை எப்போது விழுகிறது என்பதைத் தைராய்டு ஹார்மோன் தீர்மானிக்கிறது. பப்புவா நியூ கினியில் பெர்குலா என்னும் மற்றொரு கோமாளி மீன் இனத்தை ஆராய்ந்தவர்கள், எந்தச் சாமந்தியில் குடியேறுகிறது என்பதைப் பொறுத்தும் பட்டை விழும் வேகம் மாறுகிறது என்று கண்டிருக்கிறார்கள். பண்ணையில் வளர்ந்தவற்றுக்குப் பட்டை உடைந்தோ குறைந்தோ வருவதுண்டு. அந்தக் குறையையே அழகென்று பெயர் சூட்டி அதிக விலைக்கு விற்கும் போக்கு எனக்கு உவப்பில்லை. மூன்று பட்டையும் முழுதாக உள்ள மீனை வளர்த்துத் தருவதுதான் வளர்ப்பவரின் பெருமை.

கடல் சாமந்தியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இனப்பெருக்கத்துக்கு அது தேவையே இல்லை. எங்கள் ஜோடி முட்டையிடத் தொடங்கியபோது தொட்டியில் சாமந்தி கிடையாது. சாமந்தியை வைத்தது சாமந்திக்காகவேதான். அதன் தேவையும் குஞ்சுகளின் தேவைக்கு நேர் எதிரானது. குஞ்சுகளுக்கு மணிக்கொரு தரம் கை வேண்டும், சாமந்திக்குக் கை படாமல் இருக்க வேண்டும். தொட்டி ஓடத் தொடங்கிக் குறைந்தது ஆறு மாதம், முடிந்தால் ஓராண்டு ஆன பிறகே வைக்கலாம் என்பது என் உறுதியான கருத்து.

நான் வைத்திருப்பது நுனியில் குமிழ் உள்ள சாமந்தி, எண்டக்மேயா இனம். இயற்கையில் ஆசிலாரிஸ் இதில் குடியிருப்பதில்லை. அது பெரிய கம்பளச் சாமந்தி, ஹெட்டராக்டிஸ் மேக்னிஃபிக்கா போன்றவற்றைத் தேடும். ஆனால் குமிழ்ச் சாமந்தி தொட்டியில் தானே இரண்டாகப் பிளந்து பெருகும். அதனால் கடலிலிருந்து பறிக்காமல் ஒருவரிடமிருந்து ஒருவர் வாங்கிக்கொள்ளலாம். என்னுடையதும் அப்படி வந்த துண்டுதான். வைத்த இடத்தில் நிற்காமல் பாதத்தால் ஊர்ந்து, தனக்குப் பிடித்த பாறை இடுக்கைக் கண்டுபிடித்து அதில் நிலைகொண்டது. அது ஊரும் நாட்களில் பம்பின் வாய்க்கு வலையும் பஞ்சும் கட்டாயம். சிக்கி அறுபட்டால் அதுவும் போகும், தொட்டி நீரும் கெடும். வாய் இறுக மூடி, கைபோன்ற உணரிகள் தொட்டால் ஒட்டினால் நலம். வாய் பிளந்து தொங்கினால் ஆபத்து. வாரம் ஒருமுறை இறால் துணுக்கு தருகிறேன். மற்ற உணவை உடலுக்குள் வாழும் நுண்பாசியே ஒளியிலிருந்து சமைத்துக் கொடுத்துவிடுகிறது.

அந்தப் பாசியை இழந்தால் சாமந்தி வெளுத்துப்போகும். கடலிலும் இதேதான். 1998, 2010, 2016, 2024 ஆண்டுகளில் நீர் சூடேறியபோது சிங்கப்பூர்ப் பவளங்களும் பெருமளவில் வெளுத்தன. கடையில் வெள்ளையாகவோ பளீர் மஞ்சளாகவோ இருக்கும் சாமந்தியை அழகென்று வாங்காதீர்கள். பாசியை இழந்ததாகவோ சாயம் ஏற்றியதாகவோ இருக்கலாம். தெற்குத் தீவுகளில் நீர் வற்றும்போது கம்பளச் சாமந்திகள் கண்ணில் படும், பார்த்துவிட்டு வந்துவிட வேண்டும். சிஸ்டர்ஸ் தீவுகள் கடற்பூங்காவில் தேசியப் பூங்காக் கழகத்தின் அனுமதியின்றி எதையும் எடுப்பது குற்றம். குற்றமில்லாத இடத்திலும் எடுக்கக் கூடாது என்பேன்.

எங்கள் ஜோடி நெடுநாள் சாமந்தியைச் சீந்தவே இல்லை. பிறகு பெண் மீன் ஓரத்தில் உரசிப் பார்த்தது, வாலைத் தொட்டு எடுத்தது, ஒரு நாள் முழுதாக உள்ளே புகுந்துவிட்டது. அன்று முதல் நான் போடும் இறாலைக் கவ்விக்கொண்டு போய்ச் சாமந்தியின் வாயில் வைக்கிறது. மீனின் கழிவில் உள்ள அம்மோனியா உள்ளிருக்கும் பாசிக்கு உரம். இரவில் மீன் புரண்டு படுப்பதால் சாமந்திக்கு நீரோட்டமும் கிடைக்கிறது.

இப்போதுள்ள குஞ்சுகளை விரலின் ஒரு கணு அளவுக்கு வளர்ந்த பிறகு, தொட்டி நிலைபெற்றவர்களுக்கு மட்டும் ஜோடியாகத் தருகிறேன். அடுத்து தக்காளி நிறக் கோமாளி மீன். அது குமிழ்ச் சாமந்தியில் இயற்கையாகவே வாழும் இனம், நம் கடலிலும் உண்டு. ஆசிலாரிஸைவிட மூர்க்கமானது என்பதால் தனித் தொட்டி வேண்டும். அதற்கான பாறைகளைப் போட்டு நீரைச் சுற்றவிட்டிருக்கிறேன். சாமந்தி அடுத்த முறை பிளக்கும்போது ஒரு பாதி அங்கே போகும்.