முடக்குவாத ஆய்வின் பலனை எங்கே எண்ணுவது?

ஒரு மூட்டுநோய் ஆய்வு நிறுவனத்தின் பணியைக் கணக்கெடுக்க உட்கார்ந்தால், முதலில் இடறுவது பெயரில்தான். இங்கிலாந்தின் கென்னடி நிறுவனம் 1965-இல் லண்டனில் தொடங்கியது. 2000-இல் இம்பீரியல் கல்லூரியோடு இணைந்தது. 2011-இல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்துக்கு மாறியது. அதன் ஆய்வுக் கட்டுரைகளை ஆக்ஸ்ஃபோர்டு முகவரியை மட்டும் போட்டுத் தேடினால் அதன் தலையாய கண்டுபிடிப்பே பட்டியலில் சிக்காது. பழைய பெயர்கள், லண்டனின் சேரிங் கிராஸ் மருத்துவமனை, ஆசிரியர்கள் என்று தனித்தனியே தேடி, இருமுறை வந்த கட்டுரைகளைக் கழிக்க வேண்டும்.

கட்டுரைகளின் எண்ணிக்கையைவிட, ஒன்றிலிருந்து அடுத்தது எப்படிப் பிறந்தது என்று தொடர்ந்து பார்ப்பதே பயனுள்ளது. முடக்குவாத நோயாளியின் மூட்டுச் சவ்வுச் செல்கள், வெளித்தூண்டல் ஏதுமின்றி வளர்ப்புத் தட்டிலேயே அழற்சிப் புரதங்களைச் சுரக்கும். அவற்றில் டிஎன்எஃப் என்ற ஒன்றைத் தடுத்தால் இன்டர்லூக்கின்-1 என்ற மற்றொன்றின் சுரப்பும் குறைகிறது என்று இந்த நிறுவனத்தோடு பிணைந்த ஆய்வாளர்கள் மார்க் ஃபெல்ட்மன், ரவீந்தர் மைனி ஆகியோரின் குழு 1989-இல் காட்டியது. 1992-இல் 20 நோயாளிகளுக்கு, டிஎன்எஃப்பைத் தடுக்கும், பின்னாளில் இன்ஃப்ளிக்ஸிமாப் எனப் பெயர் பெற்ற மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். 1994-இல் வெளியான 73 பேர் சோதனையில், கிலோவுக்கு 10 மில்லிகிராம் ஒரே முறை பெற்றவர்களில் 79 சதவீதம் பேர் நான்காம் வாரத்தில் தேறினர்; போலி மருந்து பெற்றவர்களில் 8 சதவீதம்.

ஆனால் ஒரு தவணையின் பலன் நிலைக்கவில்லை. நம்மைப் பொறுத்தவரை, இதற்குப் பின் வந்த 1998 கட்டுரையே அன்றாட சிகிச்சைக்கு அதிகம் கைகொடுத்தது. கிலோவுக்கு 1 மில்லிகிராம் என்ற குறைந்த அளவை மட்டும் திரும்பத் திரும்பக் கொடுத்தபோது, 53 சதவீதம் பேரின் உடல் மருந்துக்கு எதிராகவே எதிர்ப்பொருள் உண்டாக்கியது, முடக்குவாதத்துக்கு வழக்கமாகத் தரும் மெத்தோட்ரெக்ஸேட் மருந்தை வாரம் 7.5 மில்லிகிராம் சேர்த்ததும் அது 15 சதவீதமாக இறங்கியது. அளவைக் கூட்டியபோதும் எதிர்ப்பொருள் குறைந்தது. ஆகவே செலவைக் குறைக்க மருந்தளவைக் குறைப்பது, மருந்தையே செல்லாமல் ஆக்கிவிடக்கூடும்.

தாக்கத்தின் கணக்கில் பக்கவிளைவுக்கும் இடம் வேண்டும். காசநோய்க் கிருமியைச் சுற்றி உடல் எழுப்பும் செல் முடிச்சைக் கட்டிக்காப்பது அதே டிஎன்எஃப்தான். அதைத் தடுத்தால் உறங்கிய கிருமி விழிக்கக்கூடும். 2001-இல் இன்ஃப்ளிக்ஸிமாப் பெற்ற 70 பேருக்குக் காசநோய் வந்த விவரம் வெளியானது. அதனால் இன்று முதல் ஊசிக்கு முன் மார்பு எக்ஸ்ரேயும், காசநோய்க்கான மாண்டூ தோல் சோதனை அல்லது இரத்தப் பரிசோதனையும் கட்டாயம். ஸ்டீராய்டு எடுப்பவருக்கு மாண்டூ பொய்யாக நெகட்டிவ் காட்டலாம் என்பதால், காசநோய் பரவலாக உள்ள இந்தியா போன்ற நாட்டில் அந்த ஒரு முடிவை மட்டும் நம்பி மருந்தைத் தொடங்கக் கூடாது.